வீட்டில் யார் யார் கார் ஓட்டுகிறார்கள்? இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்ல வேண்டியவை: டெல்டா குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நம் பக்கத்தில் ஒரு காரை ஒருவர் மட்டும் ஓட்டுவது அபூர்வம். ஆர்.சி. அப்பா பெயரில் இருக்கும். காலையில் மருமகள் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவருவார். உரக்கடைக்கும் பேங்குக்கும் தம்பி எடுத்துப் போவார். லீவில் துபாயிலிருந்து வந்த பெரியவன் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குக் கிளம்புவான். முகூர்த்த நாளில் ஆக்டிங் டிரைவர் வந்து உட்காருவார். இத்தனை பேர் ஓட்டும் காரின் பாலிசியில் இருப்பது ஒரே ஒரு பெயர்.

"அதனால் என்ன, இன்சூரன்ஸ் காருக்குத்தானே?" என்று கேட்பார்கள். பாதி சரி. இந்தியாவில் சாதாரண கார் பாலிசி, வீட்டில் யார் யார் ஓட்டுகிறார்கள் என்று பட்டியல் கேட்பதில்லை. 'ஓட்டத் தகுதியுள்ளவர்கள்' என்ற பத்தியில், உரிமையாளர் உட்பட யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றே அச்சிட்டிருக்கும். நிபந்தனை இரண்டு: விபத்து நடந்த நேரத்தில் அவரிடம் நடப்பில் உள்ள லைசென்ஸ் இருக்க வேண்டும், லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதியிழந்தவராக அவர் இருக்கக்கூடாது.

பட்டியல் கேட்காததால் சொல்ல ஒன்றுமே இல்லை என்று குடும்பங்கள் இருந்துவிடுகின்றன. ஆனால் ஓட்டியவர் யார் என்பதைப் பொறுத்துப் பணம் வருவதும் வராமல் போவதும் முடிவாகும் இடங்கள் அந்தப் பாலிசிக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றில் ஒன்று, ஓட்டும் மகனுடைய உயிருக்கான காப்பு. அது பெரும்பாலான வீடுகளில் இல்லை, இல்லை என்பதும் தெரியாது. கீழே சொல்லும் வேலைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

முதல் படி: மூன்று காகிதங்களை எடுத்து வையுங்கள்

ஆர்.சி., பாலிசி, வீட்டில் ஓட்டுகிறவர்கள் எல்லாருடைய லைசென்ஸ். பாலிசி என்றால் முழு பாலிசி. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய முதல் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால், கம்பெனியின் இணையதளத்தில் இருந்து முழுவதையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது, முழுக் காப்பா, தேர்ட் பார்ட்டி (நம் காரால் மற்றவர்களுக்கு ஆகும் இழப்புக்கான காப்பு) மட்டுமா என்பது. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்குத் தேர்ட் பார்ட்டி காப்பை மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். சொந்தச் சேதத்துக்கான காப்பு அதில் ஒரு வருடத்துக்கு மட்டும் இருக்கலாம். "மூணு வருஷம் கட்டியாச்சு" என்று நினைத்துக்கொண்டு, இரண்டாம் வருடத்தில் சொந்தச் சேதக் காப்பே இல்லாமல் ஓட்டுகிறவர்கள் உண்டு.

பழைய கார்தானே என்று தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருக்கிறீர்களா? தனியார் காரில் கூலி கொடுக்காமல் உட்கார்ந்து வரும் உறவினர்களுக்கு அந்தப் பாலிசி பொறுப்பேற்காது என்பது உச்ச நீதிமன்றம் வரை தீர்ப்பான விஷயம். முழுக் காப்பு இருந்தால் உள்ளே இருப்பவர்களும் அதில் வருவார்கள். அப்பா, அம்மா, பேரப்பிள்ளைகள் என்று ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு திருநள்ளாறு போகிற காருக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

இரண்டாம் படி: ஓட்டுகிறவர்களின் லைசென்ஸை ஒவ்வொன்றாகப் பாருங்கள்

ஒரு நோட்டில் பெயர், லைசென்ஸ் எண், எந்த வகை வண்டிக்கு, எந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். ஓட்டுகிறவர் என்றால் தினமும் ஓட்டுகிறவர் மட்டும் இல்லை. பொங்கலுக்கு வரும் மாப்பிள்ளை, அவசரத்துக்குச் சாவி வாங்கும் பக்கத்து வீட்டுப் பையன் எல்லாரும்தான். பரிவாகன் இணையதளத்தில் லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் அதன் நிலை தெரிந்துவிடும்.

அடிக்கடி அகப்படும் ஓட்டைகள் இவை.

டூவீலருக்கு மட்டும் லைசென்ஸ் வைத்துக்கொண்டு கார் ஓட்டுவது. கையில் அட்டை இருக்கிறது, ஆனால் அதில் இலகுரக மோட்டார் வாகனம் என்ற வகை இல்லை. காரைப் பொறுத்தவரை அவர் லைசென்ஸ் இல்லாதவர்.

தேதி முடிந்தது தெரியாமல் ஓட்டுவது. இப்போதைய சட்டப்படி 30 வயதுக்குள் லைசென்ஸ் எடுத்தால் 40 வயது வரை செல்லும். 30 முதல் 50 வயதுக்குள் எடுத்தாலோ புதுப்பித்தாலோ பத்து வருடம். 50 முதல் 55 வயதுக்குள் என்றால் 60 வயது வரை. அதற்கு மேல் ஐந்தைந்து வருடமாக. 40 தாண்டியவர்கள் புதுப்பிக்கும்போது மருத்துவச் சான்று வேண்டும். முடிந்து ஒரு வருடத்துக்குள் புதுப்பித்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் முடிந்த நாளுக்கும் புதுப்பித்த நாளுக்கும் நடுவில் விபத்து நடந்தால், புதுப்பித்த அட்டை அந்த நாளுக்குக் கை கொடுக்காது. வீட்டுப் பெரியவர்களின் தேதியைத்தான் முதலில் பாருங்கள். ஐந்து வருடம் போவதே தெரியாது.

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள். பட்டுக்கோட்டை, மன்னார்குடி, கூத்தாநல்லூர் பக்கம் இது வீட்டுக்கு வீடு இருக்கிறது. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வருடக்கணக்காக ஓட்டியிருப்பார். அந்த ஊர் அட்டையை மட்டும் நம்பி இங்கே சாவியை வாங்கக்கூடாது. ஊருக்கு வருவதற்கு முன்பே அவருடைய இந்திய லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) வைத்திருப்பவர்கள். பாலிசி இவர்களையும் ஏற்கிறது, சட்டம் சொல்லும் முறைப்படி ஓட்டினால். லைசென்ஸ் உள்ள ஒருவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய விதத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் 'எல்' போர்டு இருக்க வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான் செல்லும். ஆற்றங்கரைச் சாலையில் கூட்டம் இல்லை என்று தனியாக எடுத்துப் போனால், பாலிசியின் பார்வையில் அவர் லைசென்ஸ் இல்லாதவர்.

பதினெட்டு நிரம்பாத பிள்ளைகள். இதில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், சாவியை ஒளித்து வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ உரிமையாளரோதான் குற்றவாளி: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். கூடக் கிடைக்காது. தனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டான் என்று நிரூபிக்கும் சுமை பெற்றோர் மேல். "நம்ம தெருவுக்குள்ளதானே" என்று சாவியைக் கொடுத்தவர் அதை எப்படி நிரூபிப்பார்?

லைசென்ஸ் இல்லாதவரிடம் கார் போனால் என்ன ஆகும்? அடிபட்ட மூன்றாம் நபருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கச் சொல்லி நீதிமன்றங்கள் கம்பெனிக்கு உத்தரவிடுவது வழக்கம். 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொன்னது: விதிமீறலில் உரிமையாளருக்குப் பங்கு இருந்ததைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். லைசென்ஸைப் பார்க்காமல் சாவி கொடுப்பதே அந்தப் பங்கு. இழப்பீடு இருபது, முப்பது லட்சம் என்று வரும்போது, அது நிலத்தின் மேல் வந்து நிற்கும். உங்கள் சொந்த காரின் சேதத்துக்குப் பணம் கேட்கவே முடியாது.

மூன்றாம் படி: ஆர்.சி.யில் யார் பெயர், ஓட்டுவது யார்?

இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். பொறுமையாகப் படியுங்கள்.

பாலிசியில் 'உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு' என்று ஒரு வரி இருக்கும். தொகை 15 லட்சம். இது யாருக்கு? பாலிசி எவர் பெயரில் உள்ளதோ, ஆர்.சி. எவர் பெயரில் உள்ளதோ, அந்த ஒருவருக்கு மட்டும். அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும்.

நீடாமங்கலத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கார் அப்பா பெயரில். அப்பாவுக்கு லைசென்ஸே கிடையாது, ஓட்டுவதெல்லாம் மகன். இரவில் தஞ்சாவூரில் இருந்து திரும்பும்போது கார் புளியமரத்தில் மோதி மகன் இறந்துவிடுகிறான். வேறு வண்டி எதுவும் இல்லை. மகன் உரிமையாளர் இல்லை, ஆகவே அந்த 15 லட்சம் வராது. அவன் மூன்றாம் நபரும் இல்லை. உரிமையாளரிடம் வண்டியை வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்பது நிங்கம்மா வழக்கிலும் (2009), ராம்கிலாடி வழக்கிலும் (2020) உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே அந்த வழியிலும் இழப்பீடு இல்லை. எதிரே வந்த வண்டியின் மேல் தவறு இருந்தால் அந்த வண்டியின் கம்பெனியிடம் கேட்கலாம். புளியமரத்திடம் என்ன கேட்பது?

அப்பாவுக்கு லைசென்ஸ் இல்லாததால் அவருக்கு இந்தக் காப்பே தேவையில்லை. அதைச் சொல்லி அந்தத் தொகையைக் கழிக்கலாம். ஆனால் பல வீடுகளில் வருடா வருடம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பலன் யாருக்கும் இல்லை. ராசிக்கு என்று மனைவி பெயரில், அம்மா பெயரில் வாங்கிய கார்கள் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான்.

சரி செய்ய மூன்று வழி. முதலாவது, முக்கியமாக ஓட்டுகிறவர் பெயருக்கே ஆர்.சி.யை மாற்றுவது. இரண்டாவது, பாலிசியிலேயே பெயர் குறிப்பிட்ட நபருக்கான தனிநபர் விபத்துக் காப்பைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது. யார் ஓட்டுகிறார் என்று நம் ஊரில் கம்பெனிக்குப் பெயர் சொல்லித் தெரிவிக்க வேண்டிய இடம் இதுதான். மூன்றாவது, ஓட்டும் ஒவ்வொருவருக்கும் காரோடு தொடர்பில்லாத தனி விபத்துக் காப்பு பாலிசி எடுப்பது. என் கருத்தில் மூன்றாவதே மேல். டூவீலரில் போனாலும், பஸ்ஸில் போனாலும் அது கூடவே வரும். 15 லட்சத்துக்குக் குறையாத அப்படியொரு பாலிசி உரிமையாளரிடம் ஏற்கெனவே இருந்தால், கார் பாலிசியில் மறுபடி கட்ட வேண்டியதும் இல்லை.

நாமினி பெயரையும் அப்போதே பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் அம்மா பெயர் அப்படியே இருக்கும்.

நான்காம் படி: சம்பள டிரைவர், ஆக்டிங் டிரைவர்

மாதச் சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருந்தால் 'சம்பள ஓட்டுநருக்கான சட்டப் பொறுப்பு' என்ற சேர்க்கை பாலிசியில் இருக்கிறதா பாருங்கள். ஒரு டிரைவருக்கு வருடத்துக்கு 50 ரூபாய்தான். நம் வண்டியில் வேலை பார்க்கும்போது அவருக்கு ஏதாவது ஆனால், அவர் குடும்பத்துக்கு நாம் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்குக் கம்பெனி பக்கபலமாக நிற்கும். அவருக்கான தனிநபர் விபத்துக் காப்பு வேறு, அதையும் சேர்க்கலாம். நம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ராத்திரி பகலாக ஓட்டுகிறவருக்கு இதைச் செய்யாமல் விடக்கூடாது.

ஆக்டிங் டிரைவர் வந்தால் அவருடைய லைசென்ஸைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஓட்டுநரின் லைசென்ஸைப் பார்த்து, ஓட்டத் தெரிந்தவர் என்று திருப்தி அடைந்து கொடுத்தேன் என்று காட்ட முடிந்தால், பின்னால் அது போலி என்று தெரியவந்தாலும் உரிமையாளருக்கு நீதிமன்றங்கள் பாதுகாப்பு கொடுத்திருக்கின்றன.

ஐந்தாம் படி: கார் எதற்கு ஓடுகிறது?

ஓன் போர்டு காரை வாடகைக்கு விட்டால் பாலிசி செல்லாது. டீசல் காசு மட்டும் வாங்கினேன் என்று பின்னால் சொல்வார்கள். ஜிபே ரசீது வேறு கதை சொல்லும். வாடகைக்கு ஓட்டுவதாக இருந்தால் டி போர்டு எடுத்து அதற்கான பாலிசிக்கு மாறுங்கள். வியாபாரச் சரக்கு ஏற்றுவதையும் கார் பாலிசி விலக்குகிறது. கடைக்கு விற்க நெல் மூட்டையையோ உர மூட்டையையோ பின் சீட்டில் ஏற்றாதீர்கள். கேஸ் கிட் மாட்டினால் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற்ற வேண்டும்.

காரைக்கால் பதிவில் வாங்கி, கார் நிற்பது மயிலாடுதுறையில் என்றால், நிற்கும் முகவரியையே கம்பெனிக்குச் சொல்லுங்கள். வேறு மாநிலப் பதிவு வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கத்துப் பதிவு எண் வாங்க வேண்டும் என்பது தனிக் கடமை.

ஆறாம் படி: கை மாறினால், அல்லது உரிமையாளர் இறந்துபோனால்

"அண்ணன் புதுக் கார் வாங்கிட்டார், பழசை எனக்குக் கொடுத்துட்டார்." குடும்பத்துக்குள் கொடுத்தால் பெயர் மாற்றம் எதற்கு என்று இருந்துவிடுகிறார்கள். ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே கொடுத்த அண்ணனுக்கும் ஆபத்து. பெயர் மாறிய 14 நாளுக்குள் வாங்கியவர் கம்பெனிக்கு எழுதி, பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். தேர்ட் பார்ட்டி பகுதி சட்டப்படி தானாகவே வண்டியோடு போகும். சொந்தச் சேதப் பகுதி தானாகப் போகாது. நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அண்ணனுடையது, அவர் புதுக் காருக்கு எடுத்துப் போகலாம். தம்பி அதற்கான வித்தியாசத்தைக் கட்ட வேண்டும்.

உரிமையாளர் இறந்துவிட்டால் பாலிசி அன்றே முடிந்துவிடாது. இறந்த நாளில் இருந்து மூன்று மாதம், அல்லது பாலிசியின் கடைசித் தேதி, எது முந்தியோ அதுவரை வாரிசுகளுக்குச் செல்லும். 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாலுகா ஆபீசில் இருந்து வர நாள் பிடிக்கும். ஆகவே பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள். இறப்புச் சான்று, பழைய பாலிசி, வண்டி உங்களுக்கு வந்ததற்கான ஆதாரம் மூன்றையும் வைத்துக் கம்பெனிக்கு எழுதுங்கள். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் கைக்கு வண்டி வந்தால், இறந்தவரின் நோ கிளைம் போனஸும் கூடவே வரும். இதை ஏஜென்ட் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். அது 50 சதவீதம் வரை இருக்கலாம்.

உயிரோடு இருக்கும்போதே ஆர்.சி.யில் நாமினி பெயர் சேர்க்க 2021 முதல் வழி இருக்கிறது. அப்பாவிடம் இதைப் பேசச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் பேசிவிடுங்கள்.

ஏழாம் படி: எழுத்தில் சொல்லுங்கள், எண்டார்ஸ்மென்ட் வாங்குங்கள்

டீக்கடையில் ஏஜென்டிடம் சொன்னது கம்பெனிக்குச் சொன்னதாக ஆகாது. கம்பெனியின் மின்னஞ்சலுக்கு உங்கள் பதிவு செய்த மின்னஞ்சலில் இருந்து எழுதுங்கள், அல்லது கிளை அலுவலகத்தில் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். தமிழிலேயே எழுதலாம்:

"என் பெயரில் உள்ள கார் பாலிசியில் பின்வரும் மாற்றங்களைச் செய்து எண்டார்ஸ்மென்ட் அனுப்பித் தர வேண்டுகிறேன். ஒன்று, என் மகனுக்குப் பெயர் குறிப்பிட்டுத் தனிநபர் விபத்துக் காப்பு. இரண்டு, சம்பள ஓட்டுநர் ஒருவருக்குச் சட்டப் பொறுப்பு. மூன்று, நாமினி மாற்றம். இதற்கான கூடுதல் பிரீமியத்தைத் தெரிவிக்கவும்."

கீழே பாலிசி எண், வண்டி எண், போன் எண். பதிலாக எண்டார்ஸ்மென்ட் என்ற தனித்தாள் வர வேண்டும். அது வந்தால்தான் மாற்றம் நடந்தது. சில மாற்றங்களைப் புதுப்பிக்கும்போதுதான் செய்ய முடியும் என்று பதில் வரலாம். அந்தப் பதிலையும் பத்திரப்படுத்துங்கள். புதுப்பிக்கும் மாதத்தில் ஏஜென்ட் "போன வருஷம் மாதிரியே போட்டுடவா?" என்று கேட்பார். கடிதத்தை எடுத்து நீட்ட வேண்டிய நேரம் அது.

எட்டாம் படி: விபத்து நடந்துவிட்டால், ஓட்டியவர் பெயரை மாற்றாதீர்கள்

ஓட்டியது தம்பி, அவனுக்கு லைசென்ஸ் இல்லை. உடனே யாராவது ஒரு பெரியவர் முன்வந்து "நான் ஓட்டினதா சொல்லிடுங்க" என்பார். பாசத்தில்தான் சொல்கிறார், ஆனால் குடும்பத்தையே அது குழியில் தள்ளும். ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதும் விபத்துக் குறிப்பில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று இருக்கும். வாழவந்தான்கோட்டை டோல்கேட்டில் பாஸ்டேக் நேரம் இருக்கும், கடைவீதியில் கேமரா இருக்கும், ஓட்டியதாகச் சொன்னவரின் போன் வேறு ஊரைக் காட்டும். 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் அறிக்கையை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். பிறகு ஓட்டுநரும் உரிமையாளரும் தனித்தனிப் படிவம் கொடுக்க வேண்டும். ஒரு பொய்யை இத்தனை தாளிலும் ஒரே மாதிரி எழுத யாராலும் முடியாது. பொய் வெளிப்பட்டால் கிளைம் போவதோடு கிரிமினல் வழக்கும் வரும்.

உண்மையைச் சொன்னால் சில நேரம் பாதியாவது மிஞ்சும். மூன்றாம் நபருக்கான இழப்பீட்டைக் கம்பெனியே முதலில் கொடுக்கும் வழி திறந்தே இருக்கும். ஆகவே அன்றே கம்பெனிக்குப் போன் செய்து, ஓட்டியவரின் பெயரைச் சரியாகச் சொல்லி, கிளைம் எண் வாங்குங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்ப்பதற்கு முன் காரை ரிப்பேருக்குப் பிரிக்க விடாதீர்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால்

அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் போகிறீர்களா? அங்கே நடைமுறை வேறு. ஒரே வீட்டில் வசிக்கும், ஓட்டும் வயதுள்ள எல்லாரையும் கம்பெனி கேட்கும். சொல்லாமல் விட்டால் பாலிசியையே ரத்து செய்யவோ கிளைமை மறுக்கவோ இடம் உண்டு. பேரன் லைசென்ஸ் எடுத்த அன்றே சொல்ல வேண்டும். நீங்கள் விருந்தாளியாகத் தங்கி எப்போதாவது ஓட்டுவதாக இருந்தாலும், மகளைக் கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தில், உண்மையில் தினமும் ஓட்டும் மகனை விட்டுவிட்டு அப்பாவை முக்கிய ஓட்டுநராகக் காட்டிப் பிரீமியத்தைக் குறைப்பதே மோசடிக் கணக்கில் வரும். சிங்கப்பூரில் வயதும் அனுபவமும் குறைந்தவர் ஓட்டினால், சேதத்தில் கையில் இருந்து கட்டும் பங்கு கூடும் பாலிசிகள் உண்டு. "ஊர்ல யாரும் கேட்கலையே" என்ற பழக்கத்தோடு அங்கே இருக்காதீர்கள்.

கம்பெனி மறுத்தால்

மறுப்பை எழுத்தில், காரணத்தோடு கேட்டு வாங்குங்கள். முதலில் அதே கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரி) அலுவலகத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டோடு காரைக்காலும் அதன் எல்லைக்குள்தான் வருகிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்புச் சொல்லலாம். கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். மனுவோடு முழு பாலிசி, ஏழாம் படியில் வாங்கிய எண்டார்ஸ்மென்ட், ஓட்டியவரின் லைசென்ஸ் நகல், கம்பெனிக்கு எழுதிய மின்னஞ்சல்கள், மறுப்புக் கடிதம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் வைத்து அனுப்புங்கள்.